‘என்றாவது ஒரு நாள் பணக்காரன் ஆவேன்’: ஓர் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிச் சேவையில் மூன்று மாதம்

இணையவழியில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தரும் சேவை ஒன்றில் மூன்று மாதச் சந்தா கட்டிப் படித்து முடித்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பாடங்கள். ஒவ்வொன்றும் 25 நிமிடம் ஆசிரியரோடு வீடியோ அழைப்பில் தனியாகப் பேசுவது. நாம் எழுதி அனுப்பும் பத்திகளை ஒரு நாளுக்குள் திருத்தித் தரும் வசதியும், எந்த ஆங்கில வாக்கியத்தைத் தட்டச்சு செய்தாலும் ‘இதைவிட இயல்பானது இது’ என்று உடனே வேறொரு வாக்கியத்தைக் காட்டும் தானியங்கிக் கருவியும் அதே சந்தாவுக்குள் அடங்கும். குறைகள் சிலவற்றையும் எழுத வேண்டியிருப்பதால் சேவையின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே மூன்று உறுப்புகளைக் கொண்ட சேவைகள் இன்று பல இருக்கின்றன. அவற்றில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான் சேர்ந்ததற்கு ஒரே ஒரு வாக்கியம் காரணம். வேலை நிமித்தமான ஓர் அழைப்பில், மற்றவர்கள் வந்து சேரும்வரை காத்திருந்த சில நிமிடங்களில், வேறு நாட்டில் இருக்கும் சக ஊழியர் ஒருவர், பத்து ஆண்டுகள் கழித்து எப்படி இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று எல்லோரையும் கேட்டார். என் முறை வந்தபோது ‘ஐ வில் பிகம் எ ரிச் மேன் சம்டே’ என்றேன். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் ‘குட் ஃபார் யூ’ என்றார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கடன் கப்பி இல்லாமல், மாதக் கடைசியை நினைத்துக் கலங்காமல், வீட்டில் உள்ளவர்கள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் மனத்தில் இருந்தது. அவர்கள் காதில் விழுந்தது வேறு ஏதோ. அது என்ன என்று யாராவது எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே பணம் கட்டினேன்.

முதல் பாடத்தில் அந்த வாக்கியத்தை அப்படியே ஆசிரியரிடம் சொன்னேன். எனக்கு அமைந்தவர் பிறமொழியாளர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வரும் பெண்மணி. அவர் உடனே திருத்தவில்லை. ‘இது ஆசையா, திட்டமா, சபதமா?’ என்று கேட்டார். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் என் தாய்மொழி என்பது பிற்பாடு புரிந்தது. ‘ஒரு நாள் நான் பணக்காரன் ஆவேன்’ என்னும்போது ‘ஆவேன்’ என்ற ஒரே வினைமுற்று அந்த மூன்றையும் தாங்கிவிடுகிறது. எது என்பதைக் குரலும் சூழலும் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் அந்த வேலையை வினைக்கு முன்னால் வரும் சொற்கள் செய்கின்றன. ‘வில்’ என்றதுமே, கேட்பவர் அதை முன்கூட்டிய கணிப்பாகவோ உறுதிமொழியாகவோ எடுத்துக்கொள்கிறார். ‘ஐ ஹோப் டு’ என்றால் நம்பிக்கை கலந்த ஆசை. ‘ஐ வுட் லைக் டு’ என்றால் அடக்கமான விருப்பம். ‘ஐ வான்ட் டு’ என்றால் ஒளிவு மறைவில்லாத விருப்பம். ‘ஐ ப்ளான் டு’ என்றால், எப்படி என்ற கேள்வி அடுத்த நொடியே வரும். ‘ஐ ஆம் கோயிங் டு’ என்றால் முடிவெடுத்துவிட்ட தொனி. நீச்சல் கற்றுக்கொள்வேன் என்று ‘வில்’ போட்டுச் சொன்னால் யாருக்கும் சங்கடம் இல்லை. பணத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், கேட்பவர் தன் நிலைமையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். ஆகவே அதே ‘வில்’ பெருமை பேசுவதுபோல் விழுகிறது. அந்த ஒரு கண அமைதியின் பொருள் எனக்கு முதல் பாடத்திலேயே விளங்கியது.

இந்தச் சேவையில் நான் கண்ட மிகச் சிறந்த 25 நிமிடம் இரண்டாவது பாடம். ஆசிரியர் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திரையில் பகிர்ந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு வாக்கியங்களைத் தட்டச்சு செய்தார். ‘ஐ வில் பி ரிச் சம்டே.’ ‘ஐ ஆம் கோயிங் டு பி ரிச் சம்டே.’ ‘ஐ வான்ட் டு பி ரிச் சம்டே.’ ‘ஐ ஹோப் டு பி வெல்-ஆஃப் சம்டே.’ ‘ஐ வுட் லைக் டு பி கம்ஃபர்டபிள் சம்டே.’ ‘சம்டே ஐ வோன்ட் ஹாவ் டு வொர்ரி அபௌட் மனி.’ பக்கத்தின் வலப்புறத்தில் மூன்று பேரைக் குறித்தார்: தாய், புதிதாக அறிமுகமான சக ஊழியர், கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வங்கி அதிகாரி. ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லி, அதை யாரிடம் சொல்வேன் என்று ஓர் அம்புக்குறி போட வேண்டும். முதல் மூன்றையும் தாய்க்கு அனுப்பினேன். அது சரி என்றார். நெருங்கியவர்கள் சபதத்தைத் தாங்குவார்கள், அதற்குப் பின்னால் இருக்கும் கதை அவர்களுக்குத் தெரியும் என்றார். நான்காவதும் ஐந்தாவதும் சக ஊழியருக்குப் போயின. வங்கி அதிகாரிக்கு எதை அனுப்புவது என்று நான் தடுமாறியபோது, அவருக்கு இந்த ஆறில் ஒன்றுமே பொருந்தாது என்று சொல்லிவிட்டார். அந்த மேசைக்கு முன்னால் ஆசையின் மொழி எடுபடாது, ஆண்டையும் தொகையையும் சொல்ல வேண்டும் என்றார். ஆறாவது வாக்கியம் மட்டும் அம்பு இல்லாமல் நின்றது. அதைச் சுட்டிக்காட்டி, முதல் நாள் நீங்கள் உண்மையில் சொல்ல நினைத்தது இதுதானே என்று கேட்டார். ‘ரிச்’ என்ற சொல்லே அதில் இல்லை. பணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத ஒரு நாள் வரும் என்பது மட்டும்தான் அதன் பொருள். எந்த அகராதியைப் புரட்டினாலும், ‘பணக்காரன்’ என்று தேடிப் போகும் ஒருவனுக்கு இந்த வாக்கியம் கையில் அகப்பட்டிருக்காது.

அடுத்த சில பாடங்கள் வினைச்சொல்லிலேயே கழிந்தன. தமிழில் மருத்துவர் ‘ஆக’ வேண்டும், பெரிய ஆள் ‘ஆக’ வேண்டும், பணக்காரன் ‘ஆக’ வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ‘ஆகு’ என்ற வினையைப் போடும் பழக்கத்தால், ஆங்கிலத்திலும் ‘பிகம்’ தானாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆசையைச் சொல்லும்போது ‘பி’ போதும். ‘ஐ வான்ட் டு பி ரிச்’ என்பதே பேச்சில் இயல்பு. ‘கெட் ரிச்’ என்பது அந்த நிலைக்குப் போய்ச் சேரும் வழியின் மேல் கவனத்தை வைக்கிறது. ‘ஹவ் டு கெட் ரிச்’ என்ற தொடரில் ‘கெட்’ வருவதும் அதனால்தான். அதோடு ‘கெட்-ரிச்-க்விக்’ என்ற அடைமொழி, குறுக்கு வழியில் பணம் பண்ணலாம் என்று ஆசை காட்டும் திட்டங்களுக்குச் சூட்டப்படுவதால், ‘கெட் ரிச்’ என்பதிலும் அதன் வாடை சற்றே ஒட்டிக்கொள்கிறது. ‘பிகம்’ எழுத்து நடைக்குரியது. ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றில் ‘ஹி பிகேம் வெல்தி’ என்று எழுதலாம். தேநீர் வேளைப் பேச்சில் அது விறைப்பாக நிற்கும். இவ்வளவையும் அவர் விதியாகச் சொல்லவில்லை. மூன்று வாக்கியங்களைச் சொல்லி, ஒவ்வொன்றையும் யார், எங்கே பேசுவது போலிருக்கிறது என்று என்னிடமே கேட்டுக் கேட்டு வரவழைத்தார்.

பெயர்ச்சொல் தொடர்பான பிழைகள் எனக்குப் புதியவை அல்ல என்றாலும், அவற்றின் வேரை இங்கேதான் பார்த்தேன். ‘பணக்காரன்’ பெயர்ச்சொல், ‘ரிச்’ பெயரடை. அதனால்தான் நம்மில் பலர் ‘ஐ வான்ட் டு பி எ ரிச்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘தி ரிச்’ என்று சொல்லலாம். ஆனால் அது செல்வந்தர்கள் அனைவரையும் சேர்த்துக் குறிக்கும், ஒருவரைக் குறிக்காது. ‘எ ரிச் மேன்’ இலக்கணப்படி சரி. ஆனால் தன்னைப் பற்றிச் சொல்லும்போது கதைப் புத்தகத்தின் சாயல் வந்துவிடுகிறது. ‘ரிச்னெஸ்’ என்பதைச் செல்வம் என்ற பொருளில் எழுதி ஒரு முறை திருத்தம் வாங்கினேன். அது பெரும்பாலும் நிறம், சுவை, விவரம் ஆகியவற்றின் செழுமையைக் குறிக்கும் சொல். பணத்துக்கு ‘வெல்த்’, பழைய காவிய மணத்தோடு சொன்னால் ‘ரிச்சஸ்’. ‘கோடீஸ்வரன்’ என்பதற்கு ‘மில்லியனேர்’ என்று போட்டுவிட்டுப் போவதும் வழக்கம்தான். ஆனால் மில்லியன் என்பது 10 லட்சம், கோடி அதைப்போல் பத்து மடங்கு. ஆசை என்று வரும்போது அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் எழுதும்போது கேட்பார்கள்.

‘ரிச்’, ‘வெல்தி’ இரண்டும் ஒன்றுதானே என்று ஒரு பாடத்தில் கேட்டேன். அதற்கு அவர் சொற்களின் பிறப்பிலிருந்து தொடங்கினார். அந்தப் பாடத்தின் ஒலிப்பதிவை நான் மூன்று முறை கேட்டிருக்கிறேன். ‘ரிச்’ என்பது பழைய ஆங்கிலத்தில் வலிமை மிக்கவன், ஆட்சி படைத்தவன் என்ற பொருளில் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது; ஜெர்மன் மொழியில் பேரரசைக் குறிக்கும் ‘ரைஷ்’ அதற்கு உறவு. ‘வெல்த்’ என்பதோ நலம் என்னும் பொருளுள்ள ‘வீல்’ என்ற பழஞ்சொல்லிலிருந்து கிளைத்தது. ‘ஹெல்த்’ என்பதன் வடிவத்தை ஒட்டி அமைந்தது. ‘ஃபார்ச்சூன்’ லத்தீனில் அதிர்ஷ்டத்தைக் குறித்த ‘ஃபார்ச்சூனா’விலிருந்து வந்தது. ஒரே ஆசைக்குப் பின்னால் அதிகாரமும் நலமும் அதிர்ஷ்டமும் தனித்தனியே நிற்பதை அன்றுதான் கவனித்தேன். இன்றைய வழக்கில் ‘ரிச்’ நேரடியானது, சற்றுச் சத்தமானது. ‘வெல்தி’ நிதானமானது, காலப்போக்கில் சேர்ந்து நிலைத்த சொத்தை நினைவூட்டுவது. ‘வெல்-ஆஃப்’ என்பது நம்முடைய ‘வசதியானவர்கள்’ என்பதற்கு மிக அருகில் வருகிறது. ‘கம்ஃபர்டபிள்’ இன்னும் அடக்கம். பெரும் சொத்து உள்ளவர்களும் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அந்தச் சொல்லை எடுப்பதுண்டு. ‘அஃப்ளுவென்ட்’ ஒரு குடியிருப்புப் பகுதியையோ சமூகத்தையோ விவரிக்கும் கட்டுரைச் சொல். தன் ஆசையைச் சொல்ல அதை யாரும் எடுப்பதில்லை. ‘லோடட்’ நண்பர்களுக்குள் மட்டும். ‘ஃபில்தி ரிச்’ பெரும்பாலும் மற்றவர்களைக் குறித்து, ஒரு முகச்சுளிப்போடு சொல்வது.

‘என்றாவது ஒரு நாள்’ என்ற பகுதிக்கு இவ்வளவு நேரம் செலவாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ‘ஒன் டே’ என்பது தமிழின் ‘ஒரு நாள்’ போலவே இரு பக்கமும் பார்க்கும். கடந்த காலக் கதையையும் அதைக் கொண்டு தொடங்கலாம், வருங்கால ஆசையையும் அதைக் கொண்டு முடிக்கலாம். ‘சம்டே’ வருங்காலத்துக்கு மட்டும். ‘என்றைக்காவது’ என்பதே அதற்குச் சரியான இணை. ‘சம்டே’ தூரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. நாள் குறிக்கப்படவில்லை, குறிக்கும் அவசரமும் இல்லை. சபதமாகத் தொனிக்கும் வாக்கியத்தைக்கூட அது கொஞ்சம் தணித்துவிடுகிறது. அதையே வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, ‘சம்டே, ஐ ஆம் கோயிங் டு பி ரிச்’ என்று சிறு இடைவெளி விட்டுச் சொன்னால், ‘ஒரு நாள் இல்லை ஒரு நாள்’ என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதன் வேகம் வந்துவிடுகிறது. ‘இன் தி ஃப்யூச்சர்’ என்பது வருங்காலத்தில் எப்போதோ. பிரிட்டிஷ் வழக்கில் ‘தி’ இல்லாத ‘இன் ஃப்யூச்சர்’ என்பது ‘இனிமேல்’. அந்த ஒரு சிறு சொல்லை விட்டால், வருங்காலத்தில் சேமிப்பேன் என்று சொல்ல வந்தவன் இனிமேல் சேமிப்பேன் என்று சொன்னவனாகிவிடுவான்.

இங்கேதான் சேவையின் முதல் குறையைச் சந்தித்தேன். என் ஆசிரியர் விடுப்பில் இருந்த ஒரு வாரம் மாற்று ஆசிரியர் ஒருவர் வந்தார். நான் எழுதியிருந்த ‘சம் டே’ என்ற இரு சொல் வடிவத்தைச் சிவப்பில் அடித்து, அப்படி ஒரு வடிவமே கிடையாது என்றார். அது உண்மையல்ல. ஒரு சொல்லாகச் சேர்த்து எழுதுவது அமெரிக்க வழக்கில் நிலைபெற்றது; பிரிட்டிஷ் எழுத்தில் பிரித்து எழுதுவதும் உண்டு; அகராதிகள் இரண்டையும் தருகின்றன. ‘அடுத்த வாரம் ஏதாவது ஒரு நாள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் பிரித்துத்தான் எழுத வேண்டும். நான் ஆதாரத்தோடு எழுதிக் கேட்டபோது, திருத்தத்தை விலக்கிக்கொள்கிறோம் என்று ஒரு வரிப் பதில் வந்தது. தவறு எவருக்கும் நேரும். ஆனால் மாணவன் தானே சரிபார்க்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் அந்தச் சிவப்புக் கோடு வாழ்நாள் முழுவதும் அவன் மனத்தில் இருந்திருக்கும்.

ஆசையைச் சொல்லும் வினைகளில் தமிழர் இடறும் இடம் ‘விஷ்’. ‘ஐ விஷ் ஐ வில் பி ரிச்’ என்று எழுதி அனுப்பினேன். நடக்க வாய்ப்புள்ள ஆசைக்கு ‘ஹோப்’. இப்போது அப்படி இல்லையே என்ற ஏக்கத்துக்கு ‘விஷ்’, அதுவும் ‘ஐ விஷ் ஐ வேர் ரிச்’ என்று வினையை இறந்தகால வடிவத்துக்குத் தள்ளி. ‘ட்ரீம்’ என்பதற்குப் பின் ‘ட்ரீம் ஆஃப் பீயிங் ரிச்’ என்றுதான் வரும். ‘ட்ரீம் டு பிகம்’ என்று வராது. ‘வென் ஐ வில் பி ரிச்’ என்பதும் நம் வழக்கமான பிழை. ‘வென்’ தொடங்கும் கிளைவாக்கியத்தில் ‘வில்’ வராது, ‘வென் ஐ ஆம் ரிச், ஐ வில் டிராவல்’ என்றே சொல்ல வேண்டும். அதைவிட எனக்குப் பயன்பட்டது ‘வென்’, ‘இஃப்’ இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம். ‘வென் ஐ ஆம் ரிச்’ என்பவருக்குச் சந்தேகமே இல்லை. ‘இஃப் ஐ எவர் கெட் ரிச்’ என்பவர் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று ஒப்புக்கொண்டு பேசுகிறார். ‘இஃப் ஐ வேர் ரிச்’ என்பது வெறும் கற்பனை. நமது ‘நான் பணக்காரன் ஆனால்’ என்ற ஒரே தொடருக்கு இத்தனை வாசல்கள். எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதை வைத்தே எதிரில் இருப்பவர் நம்மை அளக்கிறார்.

இனி அந்தத் தானியங்கிக் கருவி. சந்தா விளம்பரத்தில் முதலிடம் அதற்குத்தான். என் அனுபவத்தில் கடைசி இடமும் அதற்கே. நான் தட்டச்சு செய்த ‘ஐ வான்ட் டு மேக் மோர் மனி அண்ட் பி ரிச்’ என்பதற்கு அது ‘ஐ ஆஸ்பயர் டு அட்டெய்ன் அஃப்ளுவென்ஸ்’ என்று ஒரு வாக்கியத்தைக் கொடுத்தது. எந்த மனிதரும் அப்படிப் பேசுவதில்லை. உழைத்துச் சம்பாதிப்பதைப் பற்றிய பத்தியில் ‘ஸ்ட்ரைக் இட் ரிச்’ என்று மாற்றித் தந்தது. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் பேச்சிலிருந்து வந்த அந்தத் தொடர், தோண்டிய இடத்தில் திடீரென்று தங்கம் கிடைப்பதைப்போல் ஒரே நாளில் வாழ்வு மாறுவதைக் குறிக்கும். பத்து ஆண்டு உழைப்பைப் பற்றிப் பேசுபவனுக்கு அது நேர் எதிர். எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது ‘மேக் எ கில்லிங்’. ஒரு வாடிக்கையாளருக்கான கடிதத்தில், இந்தத் தொழிலில் நல்ல லாபம் ஈட்ட முடியும் என்று எழுத நினைத்த இடத்தில் கருவி அதை முன்வைத்தது. நானும் நம்பி அனுப்பிவிட்டேன். குறுகிய காலத்தில் கொள்ளை லாபம் அடிப்பதைக் குறிக்கும் சொல் அது. மறுமொழியில் அந்த வாடிக்கையாளர் விலையைப் பற்றி மட்டுமே பேசினார். கருவியின் தவறு இலக்கணத்தில் இல்லை. நீ யாரிடம் பேசுகிறாய், எவ்வளவு தூரம் உறுதி சொல்கிறாய் என்று அது ஒரு முறைகூடக் கேட்பதில்லை, கேட்காமலே மெருகேற்றுகிறது. பணத்தைப் பற்றிய பேச்சில் அந்தக் கேள்விதான் எல்லாமே. பரம்பரைச் சொத்து கைக்கு வருவதைக் குறிக்கும் ‘கம் இன்டு மனி’ என்பதையும் அது ‘பணக்காரன் ஆவது’ என்பதற்கு மாற்றாகத் தந்தது என்றால், வேறு என்ன சொல்ல?

எழுத்துத் திருத்த வசதி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. திருத்துபவர் யார் என்று தெரியாது. ஒரு நாள் மிக நுட்பமாக வரும், மறுநாள் காற்புள்ளியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும். நுட்பமாக வந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘ஐ வான்ட் டு செட்டில் இன் லைஃப்’ என்று எழுதியிருந்தேன். நம் பேச்சில் ‘வாழ்க்கையில் செட்டில் ஆக வேண்டும்’ என்றால் நிலையான வருமானம், சொந்த வீடு, கவலையற்ற நிலை எல்லாம் அதில் அடங்கிவிடும். திருத்தியவர் அதை அழிக்காமல், ஓரத்தில் இப்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: ‘செட்டில் டவுன்’ என்றால் திருமணம் செய்து ஓரிடத்தில் குடியமர்வது, ‘செட்டில் ஃபார்’ என்றால் கிடைத்தது போதும் என்று குறைவானதை ஏற்றுக்கொள்வது, நீங்கள் பணத்தைச் சொல்கிறீர்கள் என்றால் ‘ஃபைனான்ஷியலி செக்யூர்’ என்று சொல்லுங்கள். அதே பத்தியில் ‘மச் மனி’ என்பதை ‘எ லாட் ஆஃப் மனி’ என்று மாற்றி, எதிர்மறை வாக்கியத்திலும் கேள்வியிலும்தான் ‘மச்’ இயல்பாக உட்காரும் என்றும் குறித்திருந்தார். இந்தத் தரம் எல்லா நாளும் கிடைத்திருந்தால் சந்தா முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைத்திருப்பேன்.

ஆசிரியர் சொன்னதையும் திருத்துபவர் சொன்னதையும் நானே சரிபார்க்கும் பழக்கத்தை இந்தச் சேவை கற்றுத்தரவில்லை, கற்றுத்தந்திருக்க வேண்டும். எது இயல்பு என்பதைத் தீர்மானிக்கும் வழி, மக்கள் உண்மையில் எப்படிப் பேசியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி 1987இல் வெளிவந்தபோது, திரட்டிய உண்மையான வாக்கியங்களிலிருந்தே பொருளும் எடுத்துக்காட்டும் தரும் முறையை ஆங்கிலம் கற்பவர்களுக்காகத் தொடங்கி வைத்தது. பின்னர் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற மொழித் திரட்டு 1994இல் முடிந்தது. அமெரிக்க ஆங்கிலத்துக்கு மார்க் டேவிஸ் உருவாக்கிய திரட்டு 2008இல் வெளிவந்து, இன்று 100 கோடிச் சொற்களைத் தாண்டி நிற்கிறது. இவற்றை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ‘பிகம் ரிச்’, ‘கெட் ரிச்’ இரண்டையும் தேடினால், எது எத்தகைய எழுத்தில் வருகிறது, முன்னும் பின்னும் எந்தச் சொற்கள் நிற்கின்றன என்பதை வரிசையாகக் காட்டும். ஒரு மாலைப் பொழுதில் நான் அப்படிப் பார்த்தபோது, ஆசிரியர் சொன்னவற்றில் பெரும்பகுதி சரி என்று தெரிந்துகொண்டது மட்டுமல்ல, ‘கெட் ரிச்’ பக்கத்தில் ‘க்விக்’ எப்படி ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதையும் கண்ணால் கண்டேன்.

ஒலி பற்றிய பகுதியைச் சொல்லாமல் விட முடியாது. ‘கோயிங் டு’ வேகமான பேச்சில் சுருங்கி, ஏறக்குறைய ‘கனா’ என்று ஒலிக்கும். அதைச் சொல்லிப் பழகும்போது, வருங்கால ஆசையைச் சொல்லும் ஆங்கிலத் துணைவினை நம் காதில் கனவு என்று விழுவதைக் கவனித்து ஆசிரியரிடம் சொன்னேன். அவர் அந்தச் சொல்லைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அழுத்தம் விழும் இடத்தையும் அவர் விடாமல் பார்த்தார். ‘ஆம்’ என்பதில் அழுத்தினால், முடியாது என்று யாரோ சொன்னதை மறுக்கும் தொனி. ‘ரிச்’ என்பதில் அழுத்தினால் சாதாரண அறிவிப்பு. ‘சம்டே’ என்பதில் குரலை இழுத்தால் அந்த நாள் இன்னும் தொலைவில் இருக்கிறது என்று நாமே ஒப்புக்கொள்வது. ஒரே வாக்கியத்தை அவர் முன்னால் பதினைந்து முறையாவது சொல்லியிருப்பேன். எழுத்துவழிக் கருவி எதுவும் இதைத் தர முடியாது.

நிர்வாகத்தில் சில குறைகள். பாடங்களின் ஒலிப்பதிவு 30 நாளில் அழிந்துவிடும் என்பதைச் சேரும்போது எங்கும் தெளிவாகச் சொல்லவில்லை. முதல் மாதப் பாடங்கள் எனக்குப் போனது அப்படித்தான். பிடித்த ஆசிரியரின் நேரம் விரைவில் நிரம்பிவிடுகிறது. பாடநூல் என்று அவர்கள் தரும் கோப்பில் பணம் பற்றிய அத்தியாயம் ஐம்பது மரபுத்தொடர்களின் பட்டியல் மட்டுமே. எதை எங்கே சொல்லக் கூடாது என்ற ஒரு வரி அதில் இல்லை. ஐம்பதையும் மனப்பாடம் செய்பவர் என்னைப்போல் ஒரு கடிதத்தில் மாட்டிக்கொள்வார்.

ஆங்கிலத்தை ஓரளவு பிழையின்றிப் பேசிவிடுகிறோம், ஆனால் சொல்ல வந்தது போய்ச் சேரவில்லை என்று உணர்பவர்களுக்கு இதன் நேரடிப் பாடங்களை மனமாரப் பரிந்துரைக்கிறேன். சேர்ந்த முதல் நாளே தயாரான ஒரு வாக்கியத்தோடு போங்கள். உங்களுக்கு உண்மையிலேயே சொல்ல வேண்டியிருக்கிற, சொல்லித் தோற்றுப்போன வாக்கியமாக அது இருக்கட்டும். பொதுவான தலைப்பில் பேசினால் 25 நிமிடம் நலம் விசாரிப்பிலேயே கரைந்துவிடும். அடிப்படை இலக்கணம் இன்னும் கைவராதவர்களுக்கு இந்தப் பாடங்கள் இப்போதைக்கு வேண்டாம். ‘ஹோப்’, ‘விஷ்’ வேறுபாட்டை நல்ல இலக்கண நூலே கற்றுத்தரும். கருவிக்காக மட்டும் சந்தா கட்ட நினைப்பவர்கள் கட்ட வேண்டாம்.

மூன்றாம் மாத இறுதியில் அதே குழுவின் அழைப்பில் பேச்சு மறுபடியும் எதிர்காலத்தின் பக்கம் திரும்பியது. இந்த முறை ‘ஐ வுட் லைக் டு கெட் டு எ பாயின்ட் வேர் மை ஃபேமிலி டஸ் நாட் ஹாவ் டு வொர்ரி அபௌட் மனி’ என்றேன். முன்பு கேட்ட அதே சக ஊழியர், அவருடைய தந்தையும் அதைத்தான் சொல்வார் என்றார்; வேலை தொடங்கும்வரை தன் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த காலாண்டுக்கு, கருவி சேராத, பாடங்கள் மட்டும் உள்ள திட்டத்தைத் தேர்ந்திருக்கிறேன். முதல் பாடத்துக்கு ஒரு வாக்கியத்தை எழுதியும் வைத்துவிட்டேன்: கொடுத்த கடனை, உறவு முறியாமல் எப்படித் திருப்பிக் கேட்பது.